தள்ளி நட்ட பதினோரு மரங்கள்

காலை ஏழு மணிக்கு முன்னால் நாத்தனார் போன் செய்து நல்ல சேதி சொன்னதாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"அண்ணி, பாத்ரூம்ல தண்ணி கீழ போக மாட்டேங்குது. மேல வருது."

"குழாய மூடிப் பாத்தியா?"

"குழாய்த் தண்ணி இல்ல அண்ணி. வேற தண்ணி. சொல்லவே வாய் கூசுது. எங்க தெருவுல பாதி வீட்டுல இதே கதைதான். எதிர்வீட்டுக்காரங்க குடும்பத்தோட சொந்தக்காரங்க வீட்டுக்குக் குளிக்கப் போயிருக்காங்க."

படக்காரம்மா பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்று கேட்டாள். படக்காரம்மா என்றால் சினிமா எடுக்கிறவள் இல்லை. வீடு கட்டி விற்கிற ஒரு கம்பெனியில் வரைபடம் போடுகிறவள். வேலையிடத்து ஆட்கள் வைத்த பேர் அது. அலுவலகத்துக்கும் பரவி, கடைசியில் அவளே போனில் "படக்காரம்மா பேசறேன்" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது. நாத்தனார் குடியிருக்கும் தொண்ணூற்றாறு வீட்டுக் குடியிருப்பு அந்தக் கம்பெனி கட்டியதுதான். தெரு, சாக்கடை, விளக்குக் கம்பம், மரம் எல்லாம் இவள் போட்ட படத்தின்படி வந்தவை. வாங்கலாமா வேண்டாமா என்று நாத்தனார் மனசு ஊசலாடியபோது, "கண்ண மூடிக்கிட்டு வாங்கு, நான் போட்ட படம்" என்று சொல்லி வாங்க வைத்ததும் இவள்தான். அதிலிருந்து அந்த வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் நாத்தனார் முதலில் வாசலுக்குக் கூட்டி வந்து, "எங்க அண்ணி போட்ட தெரு" என்று தெருவைக் காட்டிவிட்டுத்தான் காபியே கொடுப்பாள்.

அன்றைக்கு மத்தியானம் குழாய்க்காரர் வந்து, கழிவுநீர்க் குழாய்க்குள் நீளமான வயரில் ஒரு கேமராவை விட்டுப் பார்த்தார். குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் வேர் நுழைந்திருந்தது. முடிக்கற்றை அடைத்த மாதிரி கொத்துக் கொத்தாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாசலில் வரிசையாக நிற்கிற மரங்களின் வேர்தான், சந்தேகமில்லை.

நாத்தனார் இதை மறுபடி போன் செய்து சொன்னாள். வேர் என்ற சொல்லைக் கேட்டதுமே படக்காரம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்பதுகூடச் சரியில்லை. மூன்று வருஷமாகத் தெரிந்தே இருந்ததை இனிமேல் தெரியாத மாதிரி வைத்துக்கொள்ள முடியாது என்று ஆயிற்று.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க அதில் ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டரில் ஒரு தெருவை வரையும்போது எல்லாவற்றையும் ஒரே தாளில் வரைய மாட்டார்கள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கின மாதிரி, வீடுகளுக்கு ஒரு அடுக்கு, சாலைக்கு ஒன்று, கழிவுநீர்க் குழாய்க்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, மின்சாரக் கம்பிக்கு ஒன்று. ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு விளக்குப் படம் இருக்கும். அந்த விளக்கை அணைத்தால் அந்த அடுக்கு திரையில் மறைந்துவிடும். போட்டால் திரும்பி வரும். அவ்வளவுதான் வித்தை.

வீட்டுக்கு ஒரு மரம் இருந்தால்தான் அனுமதி என்று ஒரு விதி. யாரோ நல்ல எண்ணத்தில் போட்ட விதிதான். அது கம்பெனிக்கு நினைவு வந்தது, படத்தை அனுமதிக்குக் கொடுக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் பகல் இரண்டு மணிக்கு. "மரத்தப் போட்டு நாலு மணிக்குள்ள குடுத்திருங்க" என்றார் மேனேஜர். படக்காரம்மா படத்தைத் திறந்தாள். குழாய்க்கோடும் கம்பிக்கோடும் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, மரத்துக்கு வட்டம் போட இடமே தெரியவில்லை. பார்க்கவும் அசிங்கமாக இருந்தது. குழாய் விளக்கை அணைத்தாள். கம்பி விளக்கை அணைத்தாள். தெரு துடைத்து விட்டதுபோல் ஆனது. முதல் வீட்டு வாசலில் ஒரு வட்டம் போட்டு, இத்தனை மரம், இத்தனை அடி இடைவெளி என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். அது ஒரு நொடியில் தொண்ணூற்றாறு மரத்தையும் நட்டுவிட்டது. மூன்றே காலுக்கு அச்சுத்தாளை எடுத்துப்போய்க் கொடுத்தாள்.

"அடேயப்பா, எவ்வளவு சுத்தமா இருக்கு படம்" என்றார் மேனேஜர். அடுத்த வாரம் நடந்த கூட்டத்தில் நாலு பேர் முன்னால் மறுபடி சொன்னார். படக்காரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அணைத்த விளக்கைத் திரும்பப் போட்டு, குழாய் எங்கே மரம் எங்கே என்று ஒரு தரம் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. பாராட்டு வாங்கின படத்தைத் திரும்பத் திறந்து பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்?

அதோடு முடிந்திருந்தாலும் கவனக்குறைவு என்று போகட்டும். முடியவில்லை. ஆறு மாசம் கழித்து, நடுகிற நாளில் மேஸ்திரி போன் செய்தார். மரம் நடுவதற்கென்றே குத்தகை எடுத்திருந்த மேஸ்திரி அவர். அவரும் அவர் மனைவியும் மனைவியின் இரண்டு தம்பிகளுமாக நாலு பேர். முதல் இரண்டு தெருவை முடித்து மூன்றாவது தெருவில் நிற்கிறார்கள்.

"மேடம், குழிக்கு அடியில குழாய் தட்டுது. கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமா?"

"படத்துல எங்க போட்டிருக்கோ அங்க வைங்க."

கால் மணி நேரத்தில் மறுபடி போன். இன்னொரு குழியிலும் குழாய். மறுபடி அதே பதில். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது அவள் குரலில் சூடு ஏறியிருந்தது. நாலாம் தடவை, "மேஸ்திரி, உங்களுக்குப் படம் படிக்கத் தெரியுமா தெரியாதா? நட்டுட்டு வேலையப் பாருங்க" என்றாள். ஐந்தாம் தடவை மணி அடித்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

மேஸ்திரி அதற்குமேல் கூப்பிடவில்லை.

இதுதான் நடந்தது. இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம்கூட இல்லை.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, ஒவ்வொரு மரமும் படத்தில் உள்ள இடத்தில்தான் நிற்கிறதா என்று அளந்து வரச் சொன்னார். அளவு நாடாவும் படமும் எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனாள். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வாசல் காவலாளி வந்தார்.

தன் படத்துக்குள்ளேயே நடந்துபோவது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். ஒரு வீட்டில் கேட்டுக்கு நட்டநடுவே மரம். அந்த வீட்டுக்காரர் காரை மூன்று தரம் முன்னும் பின்னும் ஆட்டித்தான் உள்ளே விடுகிறார். இன்னொரு மரம் தெருவிளக்கைத் தலையோடு மூடி நிற்கிறது. விளக்கு எரிந்தால் இலைக்கு மட்டும் வெளிச்சம். தெருமுனையில் ஒன்று, எதிரே வருகிற வண்டியை மறைப்பதற்கென்றே வளர்ந்ததுபோல அடர்ந்து நின்றது. நடைபாதையில் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், ஒவ்வொரு மரத்துக்கும் சாலையில் இறங்கி ஏறி இறங்கி ஏறிப் போனாள்.

"யாரு போட்ட பிளானோ" என்றார் காவலாளி, நாடாவைச் சுருட்டியபடி. "ஒரு நாள் வந்து பாத்திருந்தா இப்படி வச்சிருக்க மாட்டாங்க."

"ம்" என்றாள் படக்காரம்மா.

எண்பத்தைந்து மரங்கள் ஒரு சாண்கூடப் பிசகாமல் அவள் வட்டம் போட்ட இடத்திலேயே நின்றன. பதினோரு மரங்கள் மட்டும் விலகியிருந்தன. சில ஒரு எட்டு, சில இரண்டு எட்டு. பதினொன்றும் மூன்றாவது, நாலாவது தெருவில். அந்த மரங்களுக்கு எதிரே இருந்த வீடுகளில் யாருக்கும் பாத்ரூம் தொல்லை இல்லை. ஒரு வீட்டு அம்மா வெளியே வந்து, "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, அஞ்சாவது தெருவுலதான் நாறுது" என்று தானாகவே சொன்னாள். மேஸ்திரி கையால் குழி தோண்டின இடத்தில் குழாயைப் பார்த்திருக்கிறார், ஒதுங்கி நட்டிருக்கிறார். ஐந்தாவது தெருவிலிருந்து வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று கம்பெனி குழிபோடும் இயந்திரத்தை அனுப்பிவிட்டது. அது படத்தைப் பார்த்துக் கொஞ்ச ஆழத்துக்குத் துளை போட்டதே தவிர, அடியில் என்ன இருக்கிறதென்று அதற்குக் கவலையில்லை. நாத்தனார் வீடு ஐந்தாவது தெருவில்.

அளந்த கணக்கைப் பார்த்ததும் மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அப்பாடா. பதினோரு மரம் படப்படி இல்ல. மேஸ்திரி இஷ்டத்துக்கு நட்டிருக்கான்."

"பதினொன்னுதான் சார். மத்ததெல்லாம்…"

"பதினொன்னு போதும். அறிக்கை எழுதிருங்க."

இங்கே அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். வாய் என்னவோ திறந்தது. "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. அறிக்கையை அவளே தட்டச்சு செய்தாள். "நடவுப் பணியில் அங்கீகரிக்கப்பட்ட படத்திலிருந்து விலகல் காணப்படுகிறது" என்று ஒரு வாக்கியம். அதில் ஒரு பொய்கூட இல்லை. அதுதான் அவளை அறுத்தது. பொய் சொல்லியிருந்தால்கூடப் பின்னால் ஒரு நாள் பொய் சொல்லிவிட்டேன் என்று அழுதிருக்கலாம்.

சாயங்காலம் நாத்தனார் துண்டும் மாற்றுத்துணியுமாக ஒரு பையோடு குளிக்க வந்தாள். சொந்த வீடு வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் அண்ணன் வீட்டுக்குக் குளிக்க வர வேண்டிய நிலைமை. தலையைத் துவட்டியபடியே கேட்டாள்.

"மேஸ்திரிதான் தப்பா நட்டுட்டான்னு பேசிக்கறாங்க, நெசமா அண்ணி?"

"அப்படித்தான் அறிக்கையில இருக்கு."

"உங்க படத்தையே கெடுத்துட்டானே பாவி. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல அவன நிக்க வச்சுக் கேக்கறேன் பாருங்க, நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி. நீங்க எவ்வளவு பாத்துப் பாத்துப் போட்டிருப்பீங்க."

படக்காரம்மா தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "சாப்பிட்டுட்டுப் போ" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னதை வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு வாசலில், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டக் கட்டிய மாதிரி வீட்டின் கூடத்தில் கூட்டம் நடந்தது. குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு பல் டாக்டரம்மா தலைவி. அந்த அம்மா யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பாள், பிறகுதான் முகம். மேனேஜரின் பல்லைப் பார்த்துவிட்டு, உட்காரச் சொன்னாள். படக்காரம்மா முன்வரிசையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்து, படத்தைச் சுவரில் பெரிதாக விழ வைத்தாள். சுத்தமான படம். விளக்குகள் அணைத்த படம். கடைசி வரிசையில் மேஸ்திரியும் அவர் மனைவியும் இருந்தார்கள். தலைக்குக் குளித்து, நல்ல துணி உடுத்தி வந்திருந்தார்கள்.

மேனேஜர் அறிக்கையைப் படித்தார். பதினோரு மரங்கள் என்று வந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் உயர்த்தினார். கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஸ்திரி எழுந்து நின்றார்.

"ஏன் தள்ளி வச்சீங்க?" என்று கேட்டாள் டாக்டரம்மா.

"அடியில குழாய் இருந்துச்சுங்க."

"குழாய் இருந்தா நீயா முடிவு பண்ணிருவியா? ஆபீஸ்ல யார்கிட்டயாவது கேட்டியா?" என்றார் மேனேஜர்.

மேஸ்திரி படக்காரம்மாவைப் பார்த்தார். முறைக்கவில்லை, காட்டிக்கொடுக்கிற பார்வையும் இல்லை. பஸ் வருகிற திசையைப் பார்த்து நிற்கிறவர் பார்ப்பதைப் போலச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். படக்காரம்மா குனிந்தாள். கம்ப்யூட்டர் வயர் கழன்றுவிட்ட மாதிரி, நன்றாகச் செருகியிருந்த வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். சுவரில் படம் ஒரு நொடி மறைந்து திரும்ப வந்தது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் இன்னொரு தரம் செருகினாள்.

"உன்னத்தான் கேக்கறேன்" என்றார் மேனேஜர்.

மேஸ்திரியிடமிருந்து பதில் வந்தது.

"தப்புதாங்க."

நாத்தனார் நாலாவது வரிசையில் எழுந்து, சொன்னபடியே அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். "உங்க வீட்டுல இப்படிப் பொங்கி வந்தா நீங்க குடியிருப்பீங்களா?" என்று ஆரம்பித்து, பிள்ளைகளுக்கு வந்த வயிற்றுப்போக்கு வரைக்கும் போனாள். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

கூட்டம் முடிவு செய்தது இது. அடைத்த குழாய்களைக் கம்பெனி சுத்தம் செய்து தரும். மேஸ்திரி புதன்கிழமை அந்தப் பதினோரு மரத்தையும் பிடுங்கிப் படத்தில் உள்ள இடத்துக்குத் தன் சொந்தப் பொறுப்பில் மாற்றி நட வேண்டும். அடுத்த குடியிருப்புக்கு முந்நூறு மரம் நடும் வேலை அவருக்கென்று பேசி வைத்திருந்தது. அந்த வேலையை நம்பித்தான் மனைவியின் தம்பிகளைக் குடும்பத்தோடு இங்கே வரவழைத்து வீடு பிடித்திருந்தார். அது இல்லையென்று ஆயிற்று. இனி இந்தக் கம்பெனி மட்டுமல்ல, எந்தக் கம்பெனியும் அவரை வாசற்படி ஏற்றாது என்பதை மேனேஜர் வெளியே சொல்லாமலே எல்லோருக்கும் புரிய வைத்தார்.

ஊர் சேர்ந்து கைதட்டிக்கொண்டிருந்தபோது படக்காரம்மாவுக்கு ஒன்று உறைத்தது. குழாய்க்கு ஒதுங்கி, ஒரு குற்றமும் செய்யாமல் நிற்கிற மரங்கள் அந்தக் குடியிருப்பிலேயே அந்தப் பதினொன்றுதான். அதைப் பிடுங்கிக் குழாய்மேல் வைக்கப் போகிறார்கள். படம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தெருவைத் தப்பாக்கப் போகிறார்கள். உலகத்தில் வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. படம் போட்டுப் பிழைக்கிற கூட்டத்துக்குத்தான் வரும்.

மேனேஜர் காரில் ஏறும்போது ஓடிப்போய்ச் சொன்னாள்.

"சார், அந்தப் பதினொன்னுதான் சார் சரியான இடத்துல இருக்கு. தப்பு படத்துல. நான்தான் குழாயப் பாக்காம…"

"தெரியும்" என்றார் அவர்.

அவள் விழித்தாள்.

"தெரியாமலா இவ்வளவு வருஷம் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்? மரம் தப்புன்னா பதினோரு குழி. படம் தப்புன்னா எட்டுத் தெருவையும் தோண்டணும். அந்தப் படத்துல உங்க கையெழுத்தும் இருக்கு, என் கையெழுத்தும் இருக்கு. பேசாம வீட்டுக்குப் போங்க."

பேசாமல் வீட்டுக்குப் போனாள். இதை மறைத்து எழுதி அவளை நல்லவளாக்க எனக்கு இஷ்டமில்லை. திங்கட்கிழமையும் பேசாமல்தான் இருந்தாள், செவ்வாய்க்கிழமையும். அவள் சம்பளம் இல்லாமல் அந்த வீடு ஓடாது, அது நிஜம். ஆனால் அவள் பேசாமலிருந்ததற்கு அது காரணமில்லை. நாத்தனார் முகத்தை நினைத்தாள். "எங்க அண்ணி போட்ட தெரு" என்ற அந்த வார்த்தையை நினைத்தாள். ஒரு மனுஷனின் பிழைப்பு ஒரு பக்கம், தன் கௌரவம் ஒரு பக்கம் என்று தராசு தொங்கியபோது, தான் எந்தப் பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. அவள்மீது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை காலையில் அலுவலகம் வந்து கையெழுத்துப் போட்டாள். இந்நேரம் மேஸ்திரி குழி தோண்ட ஆரம்பித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பழைய படத்தைத் திறந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அணைத்த இரண்டு விளக்குகளையும் போட்டாள்.

பாதிக்கு மேற்பட்ட வட்டங்களின் வயிற்றில் குழாய்க்கோடு புகுந்து வெளியே வந்தது. ஒரு குழந்தையிடம் காட்டினால்கூட விரலை வைத்து இது தப்பு என்று சொல்லியிருக்கும். பெரிய தாளில் அச்சு எடுத்தாள். அச்சு இயந்திரம் மெதுவாக இழுத்து இழுத்து வெளியே தள்ளியது. சுருட்டிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இறங்கி, ஆட்டோ பிடித்தாள்.

போய்ச் சேரும்போது பத்தரை. ஏழு மரங்கள் பிடுங்கித் தரையில் கிடந்தன. வேர்ப்பந்தைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டியிருந்தார்கள். பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே படத்தில் உள்ள இடங்களில் புதுக் குழிகள் வாயைப் பிளந்து கிடந்தன. ஒன்றின் அடியில் குழாயின் முதுகு தெரிந்தது. மேஸ்திரியின் மச்சான்கள் எட்டாவது மரத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை. டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, காரை நிறுத்திவிட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரும் இருந்தாள்.

"நிறுத்துங்க" என்றாள் படக்காரம்மா. மச்சான்கள் நிறுத்தினார்கள்.

காரின் முன்மூடிமேல் தாளை விரித்தாள். காற்று தூக்காமலிருக்க ஒரு பக்கம் கைப்பையை வைத்து, மறுபக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இந்தக் கோடெல்லாம் கழிவுநீர்க் குழாய். இந்த வட்டமெல்லாம் மரம். வரையும்போது குழாய மறச்சு வச்சுட்டு மரத்த வச்சேன். திரும்பப் பாக்கல. மேஸ்திரி குழாய் இருக்குன்னு எனக்கு நாலு தடவ போன் பண்ணினார். நாலு தடவையும் அங்கயே நடுங்கன்னு சொன்னேன். அஞ்சாவது தடவ எடுக்கல. இந்தப் பதினொன்னும் அவரா தள்ளி வச்சது. குழாயப் பாத்துச் சரியா வச்சது இது மட்டும்தான்."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாள்மேல் குனிந்தாள். விரலால் ஐந்தாவது தெருவில் ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"பல்லப் பிடுங்கறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே பாக்கணும்" என்றாள். "இத ஞாயித்துக்கிழமை ஏம்மா காட்டல?"

"பயமா இருந்துச்சு. வெக்கமா இருந்துச்சு."

"அவர எழுப்பி நிக்க வச்சுக் கேட்டோமே. நானும் சேந்து கேட்டேன்."

படக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கூட்டத்தில் யாரோ, "இவங்களையா நம்பி வீடு வாங்கினோம்" என்றார்கள். வேறொருவர் நாத்தனாரைக் காட்டி, "இந்த அம்மாவோட அண்ணிதானே" என்றார். அவள் நாத்தனாரைப் பார்த்தாள். திட்டுவாள், நாலு பேர் முன்னால் உண்டு இல்லை என்று ஆக்குவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாத்தனார் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பித் தன் தெருவைப் பார்த்து நடந்தாள். போகிற வழியில் மேஸ்திரி மனைவியின் பக்கத்தில் மட்டும் ஒரு நொடி நின்றாள். என்ன சொன்னாளோ, கேட்கவில்லை.

டாக்டரம்மா தாளைத் தானே சுருட்டி எடுத்துக்கொண்டு, பிடுங்கினதைப் பழைய இடத்திலேயே திரும்ப வைக்கச் சொன்னாள். மேனேஜரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். அவள் பேசியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் படக்காரம்மாவின் போன் அடித்தது.

"உங்க மேசையில இருக்கிற சாமானெல்லாம் கட்டி வாசல்ல குடுத்து வைக்கச் சொல்றேன். வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார் மேனேஜர். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

கூட்டம் கலைந்தது. மச்சான்கள் முதல் மரத்தைச் சாக்கோடு தூக்கிப் பழைய குழியில் இறக்கினார்கள். ஏழில் எத்தனை பிழைக்கும் என்று படக்காரம்மா கேட்டாள். மூன்று பிழைத்தால் அதிகம், வேர் அறுபட்டுவிட்டது என்றார் மேஸ்திரி. காலையில் எட்டு மணிக்கு வந்திருந்தால் பதினொன்றும் நின்றிருக்கும். அலுவலகத்தில் கையெழுத்துப் போடாமல் நேரே வந்திருந்தாலும் பாதியாவது நின்றிருக்கும்.

"மேஸ்திரி, அந்த முந்நூறு மர வேலை…"

"அது வேற ஆளுக்குக் குடுத்தாச்சு மேடம். திங்கக்கிழமையே."

அவர் மரத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மண்வெட்டியோடு குழி ஓரத்தில் நின்றாள். படக்காரம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"அன்னிக்கு ஏன் சொல்லல நீங்க? ஆபீஸ்ல கேட்டியான்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்களே. எனக்குப் போன் பண்ணினேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே. நான் இல்லன்னு சொல்லியிருக்க முடியாது."

மேஸ்திரி மரத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்து, நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இவ சொல்லத்தான் எந்திரிச்சா மேடம். நான்தான், அந்தம்மா அங்கயே இருக்காங்க, அவங்களே சொல்லுவாங்க, கொஞ்சம் பொறுன்னு சொல்லி இவ கையப் பிடிச்சு உக்கார வச்சேன். கூட்டம் முடியுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டே இருந்தேன்."

படக்காரம்மா குழி ஓரத்திலேயே நின்றாள். மேஸ்திரியின் மனைவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் நகருங்க" என்றாள். "மண்ணு போடணும்."